பதினெட்டுக் குற்றச்சாட்டுகளும் ஒரு குட்டி நாற்காலியும்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். அங்கே நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். என் தங்கையின் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை, நேற்று போனில் முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசி அவளே அதை நிரூபித்துவிட்டாள்.

கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதால் உரிமையோடு ஒரு காரியம் கேட்கிறேன். என் வீட்டுக்கு எதிரே இருக்கும் அரசுப் பள்ளியின் நாலாம் வகுப்பு டீச்சர் மீது ஆறு வாரத்துக்கு முன் உங்கள் கையில் ஒரு புகார் கொடுத்தேன் அல்லவா? ஒன்பது பக்கம், பதினெட்டுக் குற்றச்சாட்டு. அதை விசாரிக்க வரும் புதன்கிழமை ஆய்வாளர் வருகிறாராம். புகார் உண்மையென்று பட்டால் அந்த வகுப்பையே கலைத்துப் பிள்ளைகளை மற்ற வகுப்புகளில் பங்கு போட்டு, டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். ஹெட்மாஸ்டர் சொன்னார். எனக்கு இது தெரியாது. கூப்பிட்டு நாலு வார்த்தை கண்டிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். எலியை விரட்டச் சொன்னால் வீட்டைக் கொளுத்துவார்கள் என்று யார் கண்டது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. எழுதியதை வாபஸ் வாங்கும் பழக்கமும் எங்கள் பரம்பரையில் கிடையாது. ஆகவே நான் வாபஸ் வாங்கவில்லை. நீங்கள் அதைத் தொலைத்துவிட வேண்டும். உங்கள் ஆபீஸில் யாரும் கேட்காமலே ஆயிரம் காகிதம் தொலைகிறது. மைத்துனன் கேட்டு ஒன்று தொலையாதா?

காரணம் கேட்பீர்கள். சொல்கிறேன். என் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த வகுப்பு உள்ளங்கை மாதிரி தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். என் பூட்டுக் கடையை மூடியதிலிருந்து எனக்கு அந்த ஜன்னல்தான் உத்தியோகம். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பிழைப்பு தேடி எங்கெங்கிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளைகள். ஏழு மொழி. டீச்சர் நாற்காலியில் உட்காருவதே இல்லை, தரையில் பிள்ளைகளோடு உட்காருகிறார் (குற்றச்சாட்டு இரண்டு). ஒரே கதையை ஏழு மொழியிலும் பிள்ளைகளைச் சொல்லவைத்து நாற்பது நிமிடத்தைப் போக்குகிறார் (நாலு). கதவு, குழாய், மரம் எல்லாவற்றிலும் ஏழு மொழியில் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டுகிறார்கள். ஒருநாள் சாயங்காலம் பார்த்தால் என் கேட்டிலும் ஏழு சீட்டு (ஐந்து). ஒரு பெண் சேர்ந்து மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை, டீச்சர் ஒரு அதட்டுக்கூடப் போடவில்லை (ஏழு). பிள்ளைகளிடமிருந்து டீச்சர் வார்த்தை கற்றுக்கொள்கிறார், தப்பாகச் சொன்னால் அவை சிரிக்கின்றன, அவரும் சேர்ந்து சிரிக்கிறார் (பதின்மூன்று). மணி, நிமிடம், தேதி எல்லாம் போட்டுத்தான் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். நான் மொட்டைக் கடுதாசி எழுதுகிற ஆள் இல்லை.

மூன்று வாரமாகியும் உங்களிடமிருந்து பதில் இல்லை. சரி, கூடுதல் ஆதாரம் சேர்ப்போம் என்று ஒரு புதன்கிழமை நோட்டும் பேனாவுமாக நேரே வகுப்புக்கே போனேன். புதன்கிழமை கடைசிப் பீரியட் அங்கே 'வீட்டாள் நேரம்'. வாரம் ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து ஒருவர் வந்து தனக்குத் தெரிந்த வேலையைத் தன் மொழியிலேயே செய்து காட்ட வேண்டும், அந்தப் பிள்ளை அதை வகுப்புக்கு நம்ம மொழியில் சொல்ல வேண்டும். வாசலில் நின்ற டீச்சர் என்னை யாரோ ஒரு பிள்ளையின் தாத்தா என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "வாங்க ஐயா, வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தோம்"னு கையைப் பிடிச்சு ஒரு குட்டி நாற்காலியில உக்கார வச்சுட்டார். ஒன்பது வயசுப் பிள்ளைக்குச் செஞ்ச நாற்காலி. உக்காருறதுக்கு உக்காந்துட்டேன்.

அன்னைக்கு வந்திருந்தது அந்த வாய் திறக்காத பெண்ணோட அம்மா. தையல் கம்பெனியில வேலை. பட்டன் தைக்கக் காட்டணும். துணியும் பட்டனும் அலமாரிக்குள்ள இருக்கு, அலமாரி திறக்கல. டீச்சர் சாவியைத் திருகுறார், அசையல. பூட்டு திறக்காம ஒருத்தர் முழிக்கிறதைப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியுமா? எந்த வாத்தியாரும் இல்லாம நானே பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துக் கத்துக்கிட்ட தொழில். "தள்ளுங்க"ன்னு எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்துச்சு. பிள்ளைங்க சிரிச்ச சிரிப்பு உங்க ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்கும். டீச்சர் மட்டும் சிரிக்கல, மெதுவா வந்து பின்னாலிருந்து நாற்காலியைக் கழட்டிவிட்டார். அவரும் சிரிச்சிருந்தா கோபமாவது பட்டிருக்கலாம்.

அரை மணி நேரம். எதிர்ல என் வீட்டுக்கு ஓடிப்போய் எண்ணெய்க் குப்பியும் அரமும் எடுத்துட்டு வந்தேன். எண்ணெய் விட்டேன், சாவியை அரத்தால ராவினேன், பூட்டைத் தட்டினேன், திட்டினேன். அந்த அம்மா என்னவோ சொல்லிக்கிட்டே அலமாரிக் கதவோட கீழ் மூலையைக் காட்டுது. "இந்த அம்மாவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க, நாப்பது வருஷம் பூட்டோட குடும்பம் நடத்தினவன் நான்"னு டீச்சர்கிட்ட சொன்னேன். டீச்சருக்கு அந்த மொழியில ரெண்டே வார்த்தைதான் தெரியுமாம்: வா, சாப்பிட்டியா. வகுப்பில வேற யாருக்கும் ஒண்ணுமே தெரியாது. அந்த அம்மா சத்தத்தைக் கூட்டுது, நானும் கூட்டினேன். ரெண்டு பேருக்கும் நடுவில அந்தப் பொண்ணு. அவ அம்மாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"தாத்தா, பூட்டு மேல தப்பில்ல. கதவு தொங்கிப்போச்சு. அம்மா தூக்கிப் பிடிக்கிறாங்களாம், நீங்க திறங்க."

"உங்கம்மாவுக்குப் பூட்டைப் பத்தி என்ன தெரியும்னு கேளு!"

கேட்டா. திரும்பினா. "பூட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதாம். கதவைப் பத்தித் தெரியுமாம். உங்க வயசு என்னன்னு கேக்கிறாங்க."

"எதுக்காம்?"

"சும்மாவாம்."

அதுக்கு நான் ஒண்ணு சொன்னேன், அதை இங்க எழுத முடியாது. பொண்ணு அதையும் மொழிபெயர்த்தா. அந்த அம்மா பூரிச்சுப்போய்ச் சிரிச்சு எனக்கு ஒரு வணக்கம் வச்சுது! அவ என்னத்தைச் சொன்னாளோ, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இந்த மொழிபெயர்ப்புத் தொழில்லயே நேர்மை கிடையாது மாப்ளே.

அம்மா கதவைத் தூக்கிப் பிடிச்சுது. சாவி வெண்ணெயில கத்தி இறங்குற மாதிரி திரும்புச்சு. எல்லாரும் அலமாரியைப் பார்ப்பாங்க, நான்தான் திறந்தேன்னு சொல்லிக்கலாம்னு திரும்பினா, ஒரு பயலும் அலமாரியைப் பார்க்கல. மொத்த வகுப்பும் அந்தப் பொண்ணையே பார்க்குது. "டீச்சர், இவ பேசுறா!"ன்னு ஒருத்தி கத்தினா. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிக் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார். அதில ஒண்ணுமே எழுதியிருக்கல. அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்: 'ஆசிரியர் எழுதாத பலகையைத் துடைத்து நேரத்தை வீணாக்குகிறார்.'

மணி அடிச்சதும் விடல நான். "மூணு மாசமா ஒரு அதட்டு அதட்டியிருந்தா எப்பவோ பேசியிருப்பாளே?" டீச்சருக்குச் சாயங்காலமானா தொண்டையில குரலே இருக்காது. அந்த இல்லாத குரல்ல சொல்றார்: "அவ கேட்டுக்கிட்டு இருந்தா ஐயா. கேக்கிறதும் படிப்புதான். அதட்டினா திறக்குமா? நீங்களும் அரை மணி நேரம் அதட்டித்தானே பார்த்தீங்க?"

நான் நோட்டை மூடிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு புதன்கிழமை போயிருக்கேன், ஆதாரத்துக்குத்தான். போன கையோட அலமாரிக் கீலை மாத்தினேன், ரெண்டு ஜன்னல் கொக்கி போட்டேன். பெத்தவங்க எல்லாரும் சேர்ந்து டீச்சருக்கு மேடை போட்டுப் பாராட்டு விழா எடுக்கணும்னாங்க. நான்தான் எதிர்த்தேன். "மேடையில ஏத்தி மூணு மணி நேரம் நிக்க வச்சா, மறுநாள் சீட்டு வெட்டுறது யாரு? பாராட்டுன்னா அவங்க வேலையில பாதியைப் பிடுங்கிக்கிறது"ன்னேன். தினம் இருநூறு சீட்டு டீச்சர் தனியா உக்காந்து வெட்டுறார், மாப்ளே. இப்ப முறை போட்டாச்சு. திங்கள் பேக்கரிக்காரர், செவ்வாய் பஸ் டிரைவர், வியாழன் என் வீட்டுக்காரி. என் கத்தரிக்கோல்ல என்கிட்ட கேக்காம!

ஆக, டீச்சர் போய்ட்டா அந்தப் பொண்ணு மறுபடி வாயை மூடிக்கும். அடுத்த வகுப்பு வாத்தியாருக்கு 'சாப்பிட்டியா'கூடத் தெரியாது. எனவே புதனுக்குள் அந்தப் புகார் உங்கள் ஆபீஸில் இருக்கக் கூடாது. நான் எழுதியது சரி. அதன் பலன் மட்டும் தப்பு.

உங்கள் ரத்த அழுத்தம் குறையட்டும், பதவி உயரட்டும், என் தங்கை மற்றவரையும் நடுவில் ஒரு வார்த்தை பேச விடட்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில், என் எண்ணெய்க் குப்பியைத் திருப்பிக் கொடுக்க டீச்சர் சாலையைத் தாண்டி வந்தார். கையில் என் புகாரின் நகல்! விளக்கம் கேட்டு உங்கள் ஆபீஸே முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டதாம். அப்படியானால் அன்றைக்கு என்னை அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார வைத்தது ஆள் தெரியாமல் இல்லை. "அஞ்சு வருஷத்துல என் வகுப்பை யாரும் இவ்வளவு கவனமாப் பார்த்ததில்ல ஐயா. நான் மேலிடத்துக்கு எழுதின அறிக்கை மூணு வரி, நீங்க ஒன்பது பக்கம்" என்கிறார். இன்று காலை வந்த இன்னொரு நகலையும் காட்டினார். அதில் நாலாவது குற்றச்சாட்டின் ஓரத்தில் ஆய்வாளர் பென்சிலால், 'மற்ற பள்ளிகளிலும் செய்யலாமே' என்று எழுதியிருக்கிறார். பதின்மூன்றின் ஓரத்தில், 'நேரில் பார்க்க வேண்டும்.' கடைசிப் பக்கத்தில், 'இது புகாரா, பாராட்டா?'

ஆகவே மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். தொலைத்திருந்தால் உடனே தேடி எடுத்து ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கவும். நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை என்று அப்போதே சொன்னேன். ஏழாம் குற்றச்சாட்டை மட்டும் அடித்துவிட்டு, கீழ்க்கண்டதைச் சேர்த்துக்கொள்ளவும்:

பத்தொன்பது: மேற்படி பெண் இப்போது வாயை மூடுவதே இல்லை. போன புதன்கிழமை முழு வகுப்பின் முன்னால் என் சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருப்பதை இரண்டு மொழியில் அறிவித்தாள். இதற்கு டீச்சரே முழுப் பொறுப்பு.