உறிஞ்சு சாமியாரும் உலகநாதனின் வயிறும்

பூந்தமல்லிச் சாலையில் வண்டி மாடுகளுக்குக்கூட வழி மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமையானால் எல்லா வண்டியும் உறிஞ்சு சாமியார் மடத்துக்குத்தான். யாராவது சோற்றில் கலந்து வசிய மருந்து வைத்திருந்தால், சாமியார் தொப்புளில் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சுவார். மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்று அவர் வாயிலிருந்து தட்டில் விழும். மருந்து வைக்கப்படாத வயிறே இந்த ஜில்லாவில் இல்லை போலிருக்கிறது!

அம்பத்தூர் உலகநாதன் படித்தவர். பட்டணத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிக் குமாஸ்தா. இங்கிலீஷில்தான் லீவு கேட்பார். காரணம் மட்டும் எப்போதும் வயிறு. ரயில் ஏறினால் முறுக்கும். துரை கூப்பிட்டால் கலக்கும். தருமாஸ்பத்திரி டாக்டர் சோதித்துவிட்டு, "குடல்ல ஒரு கோளாறும் இல்லே. உன் பயந்தான் அதை ஆட்டுது. காப்பி, மிளகாயை விடு. காலையில கண்ணை மூடி மூச்சைக் கவனிச்சு உட்காரு" என்றார்.

சீசாவில் மருந்து கொடுக்காதவர் என்ன டாக்டர்? உலகநாதன் நேரே சாமியாரிடம் போனார்.

சாமியாரும் காப்பியை நிறுத்தச் சொன்னார். கஞ்சி குடி, கண்ணை மூடி உட்கார் என்றார். கூடவே, "உன் சம்சாரம் வசிய மருந்து வச்சிருக்கா. அமாவாசைக்கு வா, எடுத்துடறேன்" என்றார். டாக்டர் சொல்லாதது இதுதானே! உலகநாதனுக்குப் பரம திருப்தி.

கஞ்சியிலும் தியானத்திலும் வயிறு அடங்கிவிட்டது. சந்தேகம் அடங்கவில்லை. சம்சாரம் தாட்சாயிணி வடித்த சோற்றைத் தள்ளிவிட்டு, தாமே காய்ச்சிய அடிப்பிடித்த கஞ்சியை வீராப்பாகக் குடித்தார். செய்தி தெருவுக்குப் போனது. அண்டை வீட்டார் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

"இன்னாய்யா, உன்னை மயக்க மருந்து வேற வோணுமா? கூப்டா ஓடியாந்து நிக்கிற ஆளு நீ!" என்றாள் அவள். சிரித்துத்தான் சொன்னாள், கண் மட்டும் கலங்கியிருந்தது.

அமாவாசையன்று அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மடத்தில் உலகநாதன் தொப்பையைத் திறந்துபோட்டு மல்லாந்தார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த சாமியார் விபூதித் தட்டுப் பக்கம் குனிந்து நிமிர்ந்தார். அப்புறம் பேச்சே இல்லை, வெறும் 'ம்'தான். ஒரு கன்னம் லேசாக உப்பியிருந்ததைத் தாட்சாயிணி கவனித்தாள்.

"சாமி, பழி என் மேல கீது. ஒரு வாய் தண்ணி கொப்புளிச்சித் துப்பிட்டு உறிஞ்சுங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்று சொம்பை நீட்டினாள்.

சாமியார் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"வெறுந் தண்ணிதானே சாமி, கொப்புளிச்சா இன்னா?" என்றார் வண்டிக்காரர் வேம்புலி. கூட்டமும் நெருங்கியது.

வேறு வழியின்றிச் சாமியார் கன்னத்தில் அடக்கியிருந்ததை விழுங்கப் பார்த்தார். தொண்டையில் சிக்கியது. கண் பிதுங்கியது. ஒரே இருமல்! மயிர் உருண்டை பறந்து வந்து உலகநாதனின் தொப்பை மேல் விழுந்தது.

"இன்னும் கொழாயே வெக்கல. அதுக்குள்ள மருந்து வந்துடிச்சா சாமி?" என்றாள் தாட்சாயிணி.

கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு சீறியது. சாமியார் பின்வாசலைத் தேடி ஓடினார்.

உலகநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தம்மை மயக்க யாருமே மெனக்கெடவில்லை என்பதில் சின்ன வருத்தமும்கூட. மெதுவாகச் சட்டையை இழுத்துவிட்டு, "ஊட்ல சோறு கீதா?" என்று கேட்டார்.

"கீது. எனக்கு வடிச்சது. மொதல்ல தெருவுல நாலு பேருகிட்ட நடந்ததைச் சொல்லு. அப்பாலிக்கா தட்டு வெக்கிறேன்" என்றாள்.

சொன்னார். கேட்டவர்களில் பாதிப் பேர், "நல்ல சாமியார் வேற யாருனா கீறாங்களா?" என்று விசாரித்தார்கள்.

வயிற்றைத் திறந்து காட்டும் மகாஜனங்களே! உறிஞ்சுகிறவன் வாயையும் ஒரு தடவை திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு சொம்பு தண்ணீரும் கொஞ்சம் மூளையும் போதும். தண்ணீருக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.