நீ மண்ணு, நைஸ்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்த வியாதியால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என் வேலையே போகப் பார்த்தது.

அப்போது நான் ஒரு கம்பெனியில் டிரெய்னி. அந்த வாரம்தான் என் பர்மனென்ட் லெட்டரில் பிளாண்ட் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். மிஷின் பொருத்த வந்திருந்த மிக்கேல் ஸ்பெயினிலிருந்து வந்தவர். வீட்டில் பேசுவது பாஸ்க் மொழி. கம்பெனியில் நடக்கவிருந்த மரம் நடும் விழாவில் அவர் ஊர் ராக் பாட்டு ஒன்றைப் போடப் போகிறார்கள், இயற்கையோடு மனுஷன் ஒன்றிப்போவதைப் பற்றிய பாட்டு, யாராவது அர்த்தத்தைத் தமிழில் படிக்க வேண்டும் என்றார் எச்.ஆர். மேடம். முதலில் தூக்கிய கை என்னுடையது. (எல்லாம் லெட்டர் படுத்தும் பாடு.)

மிக்கேல் பாட்டை எழுதிக் கொடுத்து, வாசித்தும் காட்டினார். லுர்ரா என்றால் மண், மெந்தியா மலை என்று பெரிய வார்த்தைகளுக்கு மட்டும் பக்கத்தில் இங்கிலீஷ். மீதி இரண்டே வார்த்தை: வரிக்கு முன்னால் 'நி', கடைசியில் 'நைஸ்'. இதையெல்லாமா போய்க் கேட்பார்கள்? ஒன்று நம்ம தமிழ், இன்னொன்று இங்கிலீஷ். "புரிஞ்சிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டேன்.

என் கவலையெல்லாம் மரியாதையைப் பற்றித்தான். முன்வரிசையில் மேனேஜர் உட்காருவாரே. என்னோடு லைனில் நிற்கும் தேவியிடம் கேட்டேன்.

"நீன்னு படிச்சா சாரு கோச்சிக்குவாராடி?"

"பாட்டுல போயி 'நீங்க மலை சார்'னா பாடுவாங்க? பேஜார் பண்ணாம படிச்சிட்டு வா."

விழா அன்று நாஷ்டா இறங்கவில்லை. பெரியபாளையத்தில் கம்பெனி பஸ் ஏறியதிலிருந்து பேப்பரையே படித்துக்கொண்டிருந்தேன். மைக் முன்னால் நின்றதும் பயத்தில் என் கண் மேனேஜரிடமே போய் ஒட்டிக்கொண்டது.

"நீ மலை, நைஸ்" என்றேன்.

மேனேஜருக்குக் கொஞ்சம் கனத்த உடம்பு. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் நின்றால்தானே?

"நீ மண்ணு, நைஸ்."

ஷிஃப்ட் மொத்தமும் சிரித்தது. மேனேஜர் முகம் சுருங்கிப்போனது. லெட்டர் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

எதற்குச் சிரிப்பு என்று மிக்கேல் கேட்க, எச்.ஆர். மேடம் சொன்னார். மிக்கேல் என்னைப் பார்த்துத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவர்கள் மொழியில் 'நி' என்றால் 'நான்'. 'நைஸ்' என்றால் 'இருக்கிறேன்'. நான்தான் மலை, நான்தான் மண் என்று பாடுகிறவன் தன்னையே சொல்லிக்கொள்கிறான். பாட்டின் அர்த்தமே அதுதானாம்.

மறுபடி மைக்கைப் பிடித்தேன்.

"மன்னிக்கணும் சார். மண்ணு நீங்க இல்ல. நான்தான் மண்ணு."

இந்தத் தடவை முதலில் சிரித்தது மேனேஜர்தான். வாரக் கடைசியில் லெட்டரை நீட்டியபோதும் விடவில்லை. "மண்ணுன்னு மைக்லயே ஒத்துக்கினே. இனிமேனாச்சும் தெரியலன்னா கேளும்மா" என்றார்.

இதை வீட்டில் வந்து சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. இன்றைக்கும் ஆத்திரத்தில் "நீ ஒரு லூசு" என்று கத்தினால், என் வீட்டுக்காரர் நிதானமாகக் கேட்கிறார்:

"தமிழ்ல சொல்றியா, மிக்கேல் பாஷையில சொல்றியா?"