பெயர் வைத்தாயிற்று

மனிதர்களில் அடுத்தவரைத் திட்டுகிறவர்கள் உண்டு, புகழ்கிறவர்கள் உண்டு, நமக்கென்ன வந்தது என்று போகிறவர்களும் உண்டு. இந்த மூன்றிலும் சேராத ஓர் இனம் இப்போது வீட்டுக்கு வீடு பெருகிவருகிறது. இவர்கள் உங்களைத் திட்ட மாட்டார்கள். உங்களுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைப்பார்கள். இவர்களைப் பெயர்சூட்டிகள் என்று அழைப்போம். பெயர் வைக்க அவர்களுக்கு மட்டும்தான் தெரியுமா என்ன?

நம் பெயர்சூட்டி ஒரு பார்சல் கம்பெனியில் உதவி மேலாளர். ஒரு காலத்தில் அவரும் உங்களையும் என்னையும் போல முந்திரிக்கொட்டை, உம்மணாமூஞ்சி, கல்லுளிமங்கன் என்று வாய் நிறையப் பேசி, அதற்குண்டான சண்டைகளையும் வாங்கிக் கட்டிக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தார். ஒருநாள் 'மனித நடத்தை' பற்றிய பயிற்சி வகுப்புக்குக் கம்பெனி செலவில் போனார். மத்தியானச் சாப்பாட்டோடு வண்டி வண்டியாக வார்த்தைகளும் கொடுத்து அனுப்பினார்கள். பிடித்தது சனி.

கேள்வி கேட்டால் 'அக்ரெஸிவ்'. கேட்காமல் இருந்தால் 'பாஸிவ் அக்ரெஸிவ்'. சிரித்துப் பேசுகிறவன் 'அட்டென்ஷன் சீக்கர்', பேசாமல் வேலையைப் பார்க்கிறவன் 'இன்ட்ரோவர்ட்', லீவு கேட்கிறவனோ மனிதனே இல்லை, 'நெகட்டிவ் ஆட்டிட்யூட்'! இதில் ஒரு பெரிய வசதியும் உண்டு. சோம்பேறி என்றால் சட்டையைப் பிடிக்கக்கூடிய டிரைவரிடம், "நீ ஒரு 'லெய்ட்பேக்' டைப்புப்பா" என்றார். அவன் நெளிந்தபடி "தேங்க்ஸ் சார்" என்றான். மறுநாளும் வண்டி தாமதமாகத்தான் வந்தது. வந்தால் என்ன? பெயர் வைத்தாயிற்றே!

வீட்டிலும் இதே கதைதான். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று மனைவி சொன்னபோது அவள் 'பெர்ஃபெக்ஷனிஸ்ட்' ஆனாள். மறுபடி சொன்னபோது 'கன்ட்ரோலிங்' ஆனாள். சொல்லிப் பயனில்லை என்று அவளே குழாயடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டபோது, "ஓகோ, 'சைலன்ட் ட்ரீட்மென்ட்'!" என்று துள்ளினார். வாளி நிரம்பியது. கொட்டியவள் அவள்தான்.

"பேங்க்ல நாள் பூரா வேலை பாத்துட்டு, பஸ்ல நின்னுட்டு வரேன். காலெல்லாம் கடுக்குது. அந்தப் பாத்திரத்தையாவது கழுவிப் போடுங்களேன்" என்றாள் ஒருநாள்.

"இதுக்குப் பேர்தான் 'பர்ன்அவுட்'" என்று மிகுந்த கனிவோடு சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போனார். நோய் இன்னதென்று சொன்ன பிறகு மருந்து வேறு தர வேண்டுமா?

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் வாளித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் அவள் கேட்டாள்: "பேங்க்ல மேனேஜரா வேற ஊருக்குப் போகச் சொல்றாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். போகட்டுமா, வேண்டாமா?"

அவள் இல்லாத வீட்டை அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. போகாதே. ஒரே ஒரு வார்த்தை. அதைக் கற்றுக்கொள்ள எந்த வகுப்புக்கும் போக வேண்டியதில்லை. தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் வாய்க்குள் ஏற்கெனவே இங்கிலீஷ் வார்த்தைகளின் கூட்டம் ஒன்று காத்திருந்தது. அதில் ஒன்று முந்திக்கொண்டது.

"இது 'வாலிடேஷன் சீக்கிங்'. சொந்தமா முடிவெடுக்க நீ பயப்படற."

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார். அவள் கோபப்படவில்லை.

"சரிங்க, எடுத்துட்டேன்" என்றாள். அந்த வாரமே பெட்டியோடு கிளம்பினாள்.

வீடு வெறிச்சென்று ஆனது. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஏதோ அடைத்தது. அதற்கு என்ன பெயர் என்று வகுப்பில் கொடுத்ததையெல்லாம் கொட்டித் தேடினார். ஒன்றும் பொருந்தவில்லை. 'நீ இல்லாம முடியலை' என்பது மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. அதைச் சொல்லிவிடுவது என்று பாவம், நிஜமாகவே முடிவு செய்துகொண்டுதான் போன் செய்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அவள்.

"ம்."

"குழாய்க்கு ஆள் வந்தாரா?"

அவர் சொட்டுகிற குழாயைப் பார்த்தார். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். நல்ல சந்தர்ப்பம், இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் வாய்க்காது.

"பாத்தியா," என்றார், "அவ்வளவு தூரம் போயும் உன் 'கன்ட்ரோலிங் நேச்சர்' போகலை."

போனை அவள் மெதுவாகத்தான் வைத்தாள்.

இப்படியும் ஒரு மனிதனா என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, "எழுதின ஆள் கொஞ்சம் 'ஜட்ஜ்மென்டல்' போலிருக்கே" என்று உங்களுக்குள் ஒரு குரல் சொன்னதே, அது யார் குரல்? போகட்டும், எனக்கு வருத்தமில்லை. சமையலறையிலிருந்து உங்களை யாரோ இரண்டு தரம் கூப்பிட்டாயிற்று. எழுந்து போய் என்னவென்று கேளுங்கள். பதிலைத் தமிழிலேயே சொல்லலாம்.