சிவப்புப் பெருக்கல் குறி போட்ட ஜமக்காளம்

கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்பவர்களை முதல் ஆறு மாதத்துக்கு நான் நம்புவதில்லை. அந்த ஆறு மாதத்தில் நான் எப்படி இருந்தேன் என்பது எனக்கல்லவா தெரியும்!

தொண்ணூறுகளின் கடைசி. சிங்காநல்லூரில் ஒரு ஜமக்காள ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். தறிகள் பவானியில், முதலாளி சென்னியப்பனும் கம்ப்யூட்டரும் நானும் இங்கே. (மூவரில் ஏ.சி. கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்.) ஒரு மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்.

அப்போது ஜெர்மனியிலிருந்து ஒருவர் டிசைன் கேட்டு எழுதினார். பிடித்தால், ஏஜெண்ட் இல்லாமல் நேராக வரும் முதல் ஆர்டர். முதலாளி ஆல்பத்தைத் தபாலில் அனுப்பலாம் என்றார். நான் விடுவேனா?

"இ-மெயிலையே வெப் பக்கமாட்டப் பண்ணிப்போடலாமுங்க. அவரு தொறந்தாப் போதும், ஜெர்மனியில ஜமக்காளம் விரியுமுங்க!"

மூன்று நாள் சோறு தண்ணி மறந்து உழைத்தேன். பன்னிரண்டு படங்கள். நிறத்தையும் எழுத்தளவையும் சொல்லும் ஸ்டைல் ஷீட் தனிக் கோப்பில். சோதித்துப் பார்க்க எங்கள் முகவரிக்கே அனுப்பி, அதே கம்ப்யூட்டரில் திறந்தேன். அடடா, என்ன அழகு! என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார். "அம்மணி, தொட்டுப் பாக்கோணுமாட்ட இருக்குது!" ராகு காலம் கழிந்ததும் மானிட்டருக்குச் சூடம் காட்டி, அனுப்பும் பொத்தானை அவரே அமுக்கினார்.

மறுநாள் பதில் வந்தது. 'பன்னிரண்டு டிசைனும் பார்த்தேன். எல்லாமே வெள்ளைக் கட்டம், மூலையில் சின்னச் சிவப்புப் பெருக்கல் குறி. எளிமை எனக்குப் பிடிக்கும். ஆனால் பன்னிரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவே?' (கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை தெரியாது.)

படம் கிடைக்காத இடத்தில் கம்ப்யூட்டர் போடும் குறி அது! படங்கள் 'சி டிரைவில் இருக்கின்றன, எடுத்துக்கொள்' என்று கடிதத்துக்குள் எழுதியிருந்தேன். என் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. ஜெர்மனிக்காரர் தன் சி டிரைவில் பவானி ஜமக்காளத்துக்கு எங்கே போவார்? ஸ்டைல் ஷீட்டும் சிங்காநல்லூரை விட்டு நகரவேயில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்து, அழுதபடி முதலாளியிடம் சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கல்யாணப் பத்திரிக்கையில, மண்டபம் எங்கூட்டுக்குப் பக்கத்துலன்னு மட்டும் அடிச்ச மாதிரியா அம்மணி?"

"ஆமாங்க."

"அப்ப முழு அட்ரஸ் எழுதிப்போடு கண்ணு. இதுக்கு எதுக்கு அழுகோணும்?"

படங்களை, யாரும் எங்கிருந்தும் திறக்கக்கூடிய எங்கள் கம்பெனி வலைத்தளத்தில் ஏற்றி, ஒவ்வோர் இணைப்பையும் முழு முகவரியாக மாற்றினேன். ஸ்டைல் ஷீட்டைப் பிரித்து, அதிலிருந்த விதிகளைக் கடிதத்தின் வரிக்கு வரி உள்ளேயே எழுதினேன். இந்த முறை சோதிக்க, பஸ் ஏறி காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். படங்கள் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கின. சிவப்பு, பச்சை, மஞ்சள்! "வந்துருச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் கடையே எழுந்து நின்றது.

மூன்று டிசைனுக்கு ஆர்டர் வந்தது. வேலையும் நிரந்தரமானது. ஆர்டரின் கடைசி வரி மட்டும் இப்படி இருந்தது: 'முதலில் அனுப்பிய எளிய டிசைனிலும் ஒன்று.'

முதலாளி இரண்டாக நெய்யச் சொன்னார். ஒன்று ஜெர்மனிக்குப் போயிற்று. இன்னொன்று என் கல்யாணப் பரிசாக வந்தது.

இன்றும் விருந்தாளி வந்தால் என் கணவர் அதைத்தான் தேடி எடுத்து விரிப்பார். "உக்காருங்க, படம் இன்னும் வர்லீங்க."