நாக்கு மேஸ்திரியும் மதகு வீட்டுச் சுவரும்

எங்கள் ஊரில் நாக்கு மேஸ்திரி நக்காத சுவர் கிடையாது. கோயில் சுவர், மசூதி சுவர், சர்ச் சுவர் எல்லாம் அவர் நாக்குக்கு ஒன்றுதான். அதிகாரிகள் வந்து தங்குகிற பங்களாவின் கக்கூஸ் சுவரைக் கூட விட்டதில்லை என்பார்கள். அதை நான் பார்த்ததில்லை.

ஊர் என்றால், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஏரியை ஒட்டி இருக்கிற சின்ன ஊர். நான் அங்கே இட்லி வியாபாரம் செய்கிறேன். எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னமும் கூச்சம். குனிந்தபடிதான் சட்னி ஊற்றுவேன். அதனால் ஊர் ஜனங்களை எனக்குச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.

மேஸ்திரி தோல் பேக்டரியில் தொட்டி வேலை பார்த்தவர். தோல் ஊறுகிற கடுக்காய்த் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். "துவர்ப்பு கம்மி, இன்னும் ரெண்டு கூடை கொட்டு" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். ரிட்டயர் ஆன பிறகு யாரோ வேலையற்றவர், பழைய காலத்துக் கட்டடங்களுக்கும் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றித்தான் அரைத்தார்கள் என்று அவரிடம் சொல்லித் தொலைத்தார். அன்றைக்கு வெளியே நீட்டிய நாக்குதான்.

சர்ச்சில் ஒரு கல்யாணம். எல்லோரும் பாட்டு பாடும்போது இவர் மட்டும் ஜன்னல் ஓரமாக நின்று நக்கிக்கொண்டிருந்தார். பாதிரி ஐயர் இறங்கி வந்து, "பெரியவரே, பெஞ்சுல உக்காருங்களேன்" என்றார்.

"பேஜார் பண்ணாதீங்க ஐயரே. உங்க சர்ச்சுக்கு சர்டிபிகேட் குடுத்துனு இருக்கேன். கடுக்காய் ஜாஸ்தி. இது ஒண்ணும் ஆவாது."

மேஸ்திரியின் சொந்தக்காரப் பையனுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் அப்பா, "இது எங்க தாத்தாவுக்குத் தாத்தா கட்ன வூடு" என்று பெருமை பேசினார். மேஸ்திரி பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தூணை நக்கினார்.

"வெறும் சிமெண்ட்டு. உங்களுக்குக் கல்யாணம் ஆன பிறகு கட்னது."

உள்ளே இருந்து அந்த வீட்டம்மா குரல் வந்தது: "கரெக்டா சொன்னாரு பாரு! நான் மண்ணு சொமந்து கட்ன வூடு இது. இருபது வருசமா தாத்தா பேரைச் சொல்லிக்கினு திரியறாரு!"

அந்தக் கல்யாணம் நடந்தது. அந்தம்மாதான் பிடிவாதமாக நடத்தினார்கள்.

கொரோனா காய்ச்சல் வந்து மேஸ்திரி பிழைத்து எழுந்தார். ஒரு நாள் நான் கைமறதியாகச் சட்னியில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் துப்பினார்கள். மேஸ்திரி மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கி, "சட்னி சூப்பரும்மா" என்றார். எனக்குக் கை நின்றுபோயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது.

"ருசி போய்டுச்சும்மா. யார்கிட்டயும் சொல்லாத. என்கிட்ட வேற இன்னா இருக்குது?"

நான் சொல்லவில்லை.

போன வருஷம் ஏரியை அழகுபடுத்த ஆட்கள் வந்தார்கள். நடைபாதை, பெஞ்சு, போட்டோ எடுக்க ஊர் பேரில் பெரிய இங்கிலீஷ் எழுத்து. அந்த எழுத்து நிற்க மதகு வீட்டை இடிக்க வேண்டுமாம். ஏரி மதகைத் திறந்து மூடுகிற ஆள் தங்க அந்தக் காலத்தில் கட்டிய ஒற்றை அறை அது. என் சின்ன வயதில் அதில்தான் பள்ளிக்கூடம் நடந்தது. பிறகு யாரோ சிமெண்ட் பூசிப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

நான் வேலையாட்களுக்கு இட்லி கொண்டுபோன நேரம், மேஸ்திரி என்ஜினியரோடு மல்லுக்கு நின்றார்.

"ரிக்கார்டுல இது ஷெட்டுன்னுதான் இருக்கு பெரியவரே. பழசுன்னா மேல எழுதிக் கேக்கலாம். எதை வெச்சு எழுதறது?"

"சிமெண்ட்டு பூசறதுக்கு முன்னாடியே நான் நக்கிப் பார்த்திருக்கேன் சார்!"

கூட்டம் சிரித்தது. என்ஜினியரும் சிரித்தார், ஆனால் நல்ல மனுஷன். மதகு வீட்டுச் சுவரைக் கொத்தி உள்காரை கொஞ்சம், ஏரிக்கரையில் புதிதாகக் கட்டிய பாத்ரூமிலிருந்து கொஞ்சம் எடுக்கச் சொன்னார். தண்ணீர் விட்டுக் குழைத்ததில் இரண்டும் ஒரே சேறு. இரண்டு இலையில் வைத்து நீட்டினார். "எது பழசு? சரியா சொல்லிட்டா இன்னிக்கு ஜேசிபி வராது."

மேஸ்திரி ஒன்றை வாயில் போட்டார். இன்னொன்றைப் போட்டார். குனிந்திருந்த எனக்கு அவர் கால்தான் தெரிந்தது. தேய்ந்த ரப்பர் செருப்புக்கு வெளியே நீண்ட பெருவிரல் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

"இன்னா மேஸ்திரி, நாக்கு லீவா?" என்று ஒருத்தன் கத்தினான்.

"சார், நான் பாக்கட்டா?"

அது என் குரல்தான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. என் குரலை அவர்கள் கேட்டதே அபூர்வம்.

வெட்கத்தில் கண் தானாக மூடிக்கொண்டது. முதல் இலை, வெறும் மண். இரண்டாவதை வைத்தவுடன் துவர்ப்பில் வாய் சுருங்கிக்கொண்டது. "இதுதான் சார் பழைய சுவரு" என்றேன். என்ஜினியர் கொத்திய ஆளைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். சிமெண்ட்டை இன்னும் கொஞ்சம் பெயர்த்தார்கள். உள்ளே பட்டை பட்டையாக அந்தக் காலத்துச் சின்னச் செங்கல். என்ஜினியர் போட்டோ எடுத்து மேலே எழுதினார். இப்போது இங்கிலீஷ் எழுத்து முப்பது அடி தள்ளி நிற்கிறது. மதகு வீடு அதன் இடத்தில் நிற்கிறது.

திரும்பி வரும்போது மேஸ்திரி கேட்டார். "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

"ஒண்ணாங்கிளாசுல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் சுவர் ஓரமா உக்காந்து காரையைச் சுரண்டித் தின்னேன், மேஸ்திரி. டீச்சர்கிட்ட அதுக்கு அடி வாங்காத நாளே இல்ல. படிச்சதுல அந்த ருசி ஒண்ணுதான் மறக்கல."

அவர் நடுரோட்டில் நின்று சிரித்தார். "அப்ப எனக்கு முன்னாடியே நக்கிட்டியா நீ!"

இன்னும் தினமும் காலையில் தேய்ந்த அந்த ரப்பர் செருப்பு என் அடுப்பெதிரே வந்து நிற்கிறது. அவருக்கு உப்பும் தெரியாது, காரமும் தெரியாது. ஆனாலும் அவர் தட்டில் ஊற்றுகிற சட்னியை மட்டும் நான் இரண்டு தடவை ருசி பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.