ஒரு டீச்சரே தாராளம்

"இன்னிக்கு மட்டும் சமத்தா இருந்துடாதீங்கடா!" என்று டீச்சர் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் பதினெட்டு வாண்டுகளுக்கு அவள் ஒருத்திதான். ஒருத்திக்குக் கால் கழுவிவிடப் போனால், இன்னொருத்தன் மண்ணைத் தின்பான். பாத்ரூம் போகக்கூட அவளால் அறையைவிட்டு நகர முடியாது. உதவிக்கு இன்னொரு ஆள் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். இன்றைக்கு முதலாளியே நேரில் பார்த்து முடிவு செய்ய வந்திருக்கிறார். அவளும் விடுவதாக இல்லை.

முதலாளி மூலையில் உட்கார்ந்தார். பக்கத்தில் மேனேஜர் அம்மா.

பதினெட்டும் கையைக் கட்டி, வாயை மூடி உட்கார்ந்திருந்தன.

சரி, அடிதடிக்கு நாமே வழி செய்வோம் என்று டீச்சர் பொம்மை லாரியை நடுவில் வைத்தாள்.

"நீ ஓட்டு," என்றான் ஒரு பையன் பக்கத்திலிருந்தவனிடம்.

"இல்ல, நீயே ஓட்டு."

நேற்று இதே லாரிக்காக ஒருவன் காதை இன்னொருவன் கடித்திருந்தான்.

அடுத்து மேளத்தை எடுத்தாள். "அடிங்கடா, பலமா அடிங்க!"

பிள்ளைகள் விரல் நுனியால் தடவிக் கொடுத்தன.

"தங்கமான பிள்ளைங்க," என்று முதலாளி உருகினார்.

"பாத்தீங்களா சார்? ஒரு டீச்சரே தாராளம்," என்றாள் மேனேஜர் அம்மா.

கடைசி அஸ்திரம் ஒன்று பாக்கி இருந்தது. அழுமூஞ்சி என்று பேரெடுத்த பையனிடம் குனிந்து, "அம்மா எங்கடா கண்ணு?" என்று கேட்டாள்.

அவன் உதடு பிதுங்கியது. கண் நிரம்பியது. ஆனால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

டீச்சருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அவனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"சார், இதுங்க சத்தமே போடாட்டியும் என் ஒருத்தியால முடியாது. ஒருத்தனைத் தூக்கினா மத்த பதினேழு பேருக்கு என்கிட்ட கை இல்ல. ஆள் போடுங்க. போடுற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

முதலாளி மோவாயைத் தடவினார். "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா கண்ணால பாக்குறது வேற மாதிரி இருக்கே..."

அப்போது வகுப்பின் வாயாடிப் பெண் எழுந்தாள். காலைப் பின்னிக்கொண்டே தத்தித் தத்தி வந்து மேனேஜர் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆன்ட்டி, சத்தம் போடாம இருந்தா தரேன்னு சொன்னீங்களே, அந்த மிட்டாயைச் சீக்கிரம் குடுங்க, எனக்கு ஒண்ணுக்கு முட்டுது!"