சொல்லித் தராத பாட்டு வகுப்பு

“...அதனாலதான் சொல்றேன், இனிமே பாட்டு வகுப்புல பாட்டு சொல்லித் தரக்கூடாது. அதுதான் இசைக் கல்வியோட உச்சம்.”

தலைமையாசிரியை இதைச் சொல்லி முடித்ததும் அவருடைய அறையில் ஓர் அமைதி நிலவியது. மனித குலத்தின் பெரிய திருப்பங்களுக்கெல்லாம் முன்னால் நிலவியிருக்கக்கூடிய அமைதி. எதிரே நின்ற பாட்டு டீச்சர் மட்டும், “அப்போ நான் என்ன மேடம் பண்ணணும்?” என்று கேட்டுவிட்டார்.

“நில்லுங்க.”

பாட்டு டீச்சருடையது தற்காலிக வேலை. அது நிரந்தரம் ஆவதும் ஆகாததும், வியாழக்கிழமை வரப்போகும் கல்வி அலுவலரின் ஒரு தலையசைப்பில் இருந்தது. அந்தத் தலையசைப்பை நம்பி வீட்டில் கணவர் இப்போதே சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார். ஆகவே நின்றார்.

புதிய முறையின் பெயர் ‘இயல்புவழி இசை’. பிள்ளைகள் தமக்குப் பிடித்த கருவியைத் தாமே எடுத்து, தாமே தட்டி, தாமே இசையைக் கண்டுபிடிப்பார்கள். பெரியவர்கள் குறுக்கிடக் கூடாது. இந்தக் குறுக்கிடாமையைப் பழக்குவதற்காகத் தலைமையாசிரியை தினமும் வந்து குறுக்கிட்டார். மூன்றாம் வகுப்பின் பெஞ்சுகள் ஓரங்கட்டப்பட்டன. பிள்ளைகள் தங்கள் விருப்பப்படி உட்கார வேண்டிய இடங்கள் தரையில் வட்டமாகச் சாக்பீஸால் குறிக்கப்பட்டன. கொஞ்சம் கலைந்தாற்போல் உட்காரச் சொன்னவர், எல்லோரும் ஒரே மாதிரி கலைந்து உட்காரும்வரை விடவில்லை.

சிக்கல் வட்டத்தில் இருந்த ஓர் இரட்டைச் சடைக்காரியால் வந்தது. அவள் கண்டுபிடித்ததெல்லாம் சுருதியோடு இருந்தது.

“இது சரியா பாடுது,” என்றார் தலைமையாசிரியை, பிள்ளையின் முகத்தில் அம்மைக் கொப்புளம் கண்டவர்போலத் தாழ்ந்த குரலில். “யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரியே இருக்கு. பின்வரிசையில போடுங்க.”

வட்டத்துக்குப் பின்வரிசை கிடையாது என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. கடைசியில் அவள் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்து, பாட்டைக் கண்டுபிடிக்கும் பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள். பாட்டு டீச்சருக்கும் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கரும்பலகையைத் துடைக்கும்போது தன்னையறியாமல் ஏதாவது முணுமுணுப்பார். பலகை துடைக்கும் வேலை அன்றே அவரிடமிருந்து பறிக்கப்பட்டது.

வியாழக்கிழமை அலுவலர் வந்தார். பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். ஒருவன் தகர டப்பாவைக் கண்டுபிடித்தான். ஒருத்தி அதே டப்பாவைக் கரண்டியோடு கண்டுபிடித்தாள். மேளத்தின் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் கண்டுபிடித்த மூவர் அதற்காக அடித்துக்கொண்டார்கள். தாளம் நொண்டியபோதெல்லாம் பாட்டு டீச்சரின் விரல் தானாகத் தொடையைத் தட்டப் போனது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அலுவலர் கண்களை மூடிக்கொண்டார். ரசனையில் மூடினாரா, தலைவலியில் மூடினாரா என்று கேட்குமளவுக்கு நாகரிகம் இல்லாதவர் யாரும் அங்கே இல்லை. பக்கத்து அறையில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த சார் முதலில் கதவைச் சாத்தினார், பிறகு ஜன்னலையும் சாத்தினார்.

ஓசை ஓய்ந்ததும் அலுவலர் நெகிழ்ந்த குரலில் பிள்ளைகளிடம் கேட்டார்: “இதெல்லாம் யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?”

“இல்லை... சார்.”

அத்தனை குரலும் ஒரே மூச்சு, ஒரே சுருதி. ‘சார்’ மெல்ல ஏறி, இறங்கி, அழகாக அடங்கியது. அந்த அறையில் அன்று ஒலித்த ஒரே இசை அதுதான். எந்தப் பயிற்சியும் இல்லாமல் இப்படி ஓர் ஒத்திசைவா என்று அலுவலர் சிலிர்த்துப்போனார். எல்லாம் இயல்புவழியின் மகிமை என்று தலைமையாசிரியை அடக்கத்தோடு ஒப்புக்கொண்டார். அலுவலரின் தலை அசையத் தொடங்கியது.

“ரொம்ப சந்தோஷம்,” என்றார் அலுவலர், பாதி அசைந்த தலையோடு. “உங்க டீச்சர்கிட்ட ஏதாவது கேக்கணுமா? தயங்காம கேளுங்க கண்ணுங்களா.”

இரட்டைச் சடைக்காரி கிலுகிலுப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“டீச்சர், ‘இல்லை சார்’னு சேர்ந்து சொல்றதுக்கு இந்த வாரம் பூரா எவ்வளவு நல்லா சொல்லிக் கொடுத்தீங்க. அதே மாதிரி ஒரு பாட்டும் சொல்லிக் கொடுங்க டீச்சர்.”